எந்த மாநிலத்துப் பிள்ளை? பள்ளிப் பதிவேடு சொல்லும் பதில்

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த வாரம். பள்ளி அலுவலக அறையின் முன் ஒரு தாயும் மகளும் நின்றிருந்தார்கள். மகள் எங்கள் பழைய மாணவி. ஆறு முதல் எட்டு வரை எங்களிடம் படித்தவள். அப்பாவுக்குப் பெங்களூரில் கட்டட வேலை. வீட்டில் பாட்டி இறந்த பிறகு பிள்ளையைத் தனியே விட முடியாமல் உடன் அழைத்துச் சென்றார்கள். ஒன்பதாம் வகுப்பை அங்கே ஒரு பள்ளியில் படித்தாள். மொழி ஒத்துவரவில்லை. மறு ஆண்டே ஊருக்குத் திரும்பி, பத்து முதல் பன்னிரண்டு வரை எங்கள் பள்ளியிலேயே முடித்தாள். நல்ல மதிப்பெண்.

“டீச்சர், அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்குன்னு சொன்னாங்க. அதுல எங்க பொண்ணுக்குக் கிடைக்காதாம். ஒரு வருஷம்தானே டீச்சர் வெளியே போனோம்?” என்று அந்தத் தாய் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. எட்டாம் வகுப்பு முடிந்ததும் அவளுக்கு டி.சி. எழுதிக் கொடுத்த வகுப்பாசிரியர் நான்தான். அந்த ஓராண்டு என்ன செய்யும் என்று அன்று நான் அவர்களிடம் சொல்லவில்லை. உண்மையில் எனக்கே அப்போது தெளிவாகத் தெரியாது.

அதன் பிறகு விதிகளைத் தேடிப் படித்தேன். ஒரு மாணவரை ‘இந்த மாநிலத்தவர்’ என்று எதை வைத்துச் சொல்கிறார்கள், வேலைக்காக வேறு மாநிலம் போகும் குடும்பத்துப் பிள்ளைக்கு அதனால் என்ன ஆகிறது, அதில் பள்ளியின் பங்கு என்ன என்று புரிந்துகொண்டதை இங்கே பகிர்கிறேன்.

மாநிலம் ஏன் இதைக் கேட்கிறது?

அரசுக் கல்லூரியின் செலவில் பெரும்பகுதி மாநில மக்களின் வரிப்பணம். ஆகவே இடத்திலோ கட்டணத்திலோ தன் மாநிலத்தவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று மாநிலங்கள் கருதுகின்றன. இது நம் நாட்டில் மட்டும் உள்ள வழக்கமல்ல. இதை மிக வெளிப்படையாகப் பார்க்கக்கூடிய நாடு அமெரிக்கா.

அங்கே மாநிலப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக இரண்டு கட்டணங்கள் உண்டு. ஒன்று உள்மாநிலத்தவருக்கு, மற்றொன்று வெளிமாநிலத்தவருக்கு. பல இடங்களில் இரண்டாவது கட்டணம் முதலாவதைப் போல இரண்டு, மூன்று மடங்கு. உள்மாநிலத்தவர் என்று கொள்ள, பெரும்பாலான மாநிலங்கள் இரண்டைக் கேட்கின்றன. வகுப்பு தொடங்கும் முன் குறைந்தது 12 மாதங்கள் அந்த மாநிலத்தில் வசித்திருக்க வேண்டும். அங்கேயே நிலையாக வாழும் எண்ணமும் இருக்க வேண்டும். எண்ணத்தைக் கண்ணால் பார்க்க முடியாதே? அதனால் ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு, மாநில வருமான வரிக் கணக்கு, வீட்டு வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். படிப்பதற்காக மட்டும் வந்து தங்கியிருந்தால் பொதுவாக அது கணக்கில் வராது. பெற்றோரைச் சார்ந்த மாணவர் என்றால் பெற்றோரின் வசிப்பிடமே பார்க்கப்படும்.

இணையவழிப் படிப்பு வந்தபோது இதில் ஒரு சிக்கல் முளைத்தது. ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்மாநிலக் கட்டணத்தில் இணையவழியில் படிக்கும் ஒருவருக்கு வேறு மாநிலத்தில் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே குடியேறி, உரிமத்தை மாற்றி, அங்கே வரி கட்டினால், பழைய மாநிலம் அவரை வெளியாள் என்று கருதக்கூடும். புதிய மாநிலத்திலோ 12 மாதங்கள் இன்னும் முடிந்திருக்காது. கணினி முன்னால் அதே பாடத்தை அதே போலப் படித்தாலும், சில காலம் இரண்டு மாநிலங்களுக்குமே அவர் வெளியாள். தற்காலிகமாக வெளியே இருப்பவர், தன் பழைய மாநிலத்துடனான சான்றுகளை விடாமல் வைத்திருந்தால்தான் வாதாட முடியும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று, இணையவழி மாணவர் எல்லோருக்கும் ஒரே கட்டணம் வைத்த நிறுவனங்களும் அங்கே உண்டு. 1997இல் 19 மாநில ஆளுநர்கள் கூடித் தொடங்கிய வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் அப்படிப்பட்டது.

இந்த விதிகள் நீதிமன்றத்துக்கும் போயிருக்கின்றன. விண்ணப்பிக்கும்போது வெளிமாநிலத்தவர் என்றால் படிப்பு முடியும்வரை வெளிமாநிலத்தவர்தான் என்று கனெக்டிகட் மாநிலம் ஒரு சட்டம் வைத்திருந்தது. 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வசிப்பிடத்தைக் கேட்பது தவறல்ல, ஆனால் தான் இந்த மாநிலத்தவர்தான் என்று நிரூபிக்க மாணவருக்கு வாய்ப்புத் தராமல் இருப்பது தவறு என்பதே அதன் சாரம்.

நம் நாட்டில் என்ன நிலை?

இதே கேள்வி நம் உச்ச நீதிமன்றத்தின் முன் 1955லேயே வந்துவிட்டது. இந்தூர் மருத்துவக் கல்லூரியில் மத்திய பாரத மாநிலத்தவருக்குத் தலைவரிக் கட்டணம் இல்லை. மற்ற மாநிலத்தவரில் அரசு நியமனத்தில் வருவோருக்கு 1,300 ரூபாய், பிறருக்கு 1,500 ரூபாய். டெல்லியைச் சேர்ந்த ஜோஷி என்ற மாணவர் வழக்குத் தொடுத்தார். பிறந்த இடத்தை வைத்துப் பாகுபாடு காட்டுவதை அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு தடுக்கிறது, ஆனால் வசிப்பிடம் வேறு, பிறப்பிடம் வேறு என்று கூறி, பெரும்பான்மை நீதிபதிகள் அந்தக் கட்டண வேறுபாட்டை ஏற்றுக்கொண்டார்கள்.

1984இல் பிரதீப் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறொன்றைத் தெளிவுபடுத்தியது. சட்டப்படி நம் எல்லோருக்கும் ஒரே நிரந்தர வசிப்பிடம்தான். அது இந்தியா. மாநிலத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கிடையாது. மருத்துவ இடங்கள் முழுவதையும் மாநிலத்தவருக்கே வைத்துக்கொள்ளக் கூடாது என்ற அந்தத் தீர்ப்பின் வழியில் வந்ததுதான் அகில இந்திய ஒதுக்கீடு. இன்று மாநில அரசு மருத்துவக் கல்லூரிகளின் எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 விழுக்காடு அதற்குப் போகிறது. 2025 ஜனவரி 29 அன்று வந்த தீர்ப்பில், முதுநிலை மருத்துவப் படிப்பில் வசிப்பிட அடிப்படையிலான ஒதுக்கீடு செல்லாது என்றே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இளநிலைப் படிப்பில் மாநில முன்னுரிமை தொடர்கிறது.

நம் மாநிலத்தில் பள்ளிதான் சான்று

அமெரிக்காவில் உரிமமும் வரிக் கணக்கும் சான்று என்று பார்த்தோம். தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கையின்போது முதலில் கேட்கப்படும் கேள்வி, எந்த வகுப்பை எந்த ஊரில் படித்தாய் என்பதுதான்.

பொறியியல் கலந்தாய்வில், எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்த நம் மாநிலத்தவர் தனியாக இருப்பிடச் சான்றிதழ் தர வேண்டியதில்லை. இவற்றில் ஏதாவது ஒரு வகுப்பை வெளியே படித்திருந்தாலும் அந்தச் சான்றிதழ் வேண்டும். மருத்துவச் சேர்க்கையில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பார்க்கிறார்கள். வெளியே படித்தவர் இருப்பிடச் சான்றிதழுடன், பெற்றோர் இந்த மாநிலத்தவர் என்பதற்கான ஆவணங்களையும் காட்ட வேண்டும். இரண்டு மாநிலங்களில் ஒரே நேரத்தில் உரிமை கோருவது கூடாது.

இருப்பிடச் சான்றிதழ் என்பதைப் பெற்றோர் பலரும் ‘நேட்டிவிட்டி’ என்றுதான் சொல்வார்கள். இதையும் குடியிருப்புச் சான்றிதழையும் குழப்பிக்கொள்வது அதிகம். இப்போது இந்த முகவரியில் வசிக்கிறார் என்பதைக் குடியிருப்புச் சான்றிதழ் சொல்லும். இந்த மாநிலத்தைச் சேர்ந்தவர் என்பதை இருப்பிடச் சான்றிதழ் சொல்லும். கலந்தாய்வுக்குத் தேவை இரண்டாவது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வருவாய்த் துறையின் விசாரணைக்குப் பின் கிடைக்கும். விண்ணப்பத்தின் கடைசி நாளில் இதற்காக ஓடினால் கைக்கு வராது.

இங்கே நிம்மதி தரும் ஒரு செய்தி இருக்கிறது. தந்தை பெங்களூரிலோ திருவனந்தபுரத்திலோ வேலை பார்ப்பதாலேயே பிள்ளை தமிழ்நாட்டு மாணவர் என்ற நிலையை இழப்பதில்லை. ஓராண்டு வெளியே படித்தாலும் இருப்பிடச் சான்றிதழ் கொண்டு அந்த நிலையை நிரூபிக்கலாம். ஆனால் எந்தச் சான்றிதழாலும் ஈடுகட்ட முடியாத ஒன்று இருக்கிறது.

ஆறு முதல் பன்னிரண்டு வரை

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020இல் மருத்துவப் படிப்புகளுக்குச் சட்டமானது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கூலி வேலைக் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று நமக்குத் தெரியும்.

இதற்கான தகுதி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை முழுவதும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருப்பது. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ்த் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றபடி நடுவில் ஓராண்டு விட்டுப்போனாலும் தகுதி போய்விடும். வெளிமாநிலத்தில் படித்ததும் ஓராண்டு, பக்கத்து ஊர்த் தனியார் பள்ளியில் படித்ததும் ஓராண்டு. விதி இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது.

2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் இதே ஆறு முதல் பன்னிரண்டு வரையான படிப்பையே அடிப்படையாகக் கொண்டவை. உயர்கல்வி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இத்திட்டங்கள் விரிந்தன. 7.5 விழுக்காடு ஒதுக்கீடு அப்படி விரியவில்லை. இந்த வேறுபாட்டையும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும்.

முன்னால் சொன்ன மாணவி இழந்தது இவற்றைத்தான். அவள் தமிழ்நாட்டு மாணவிதான், அதில் ஐயமில்லை. ஒன்பதாம் வகுப்பு என்ற ஒரு கட்டம் மட்டும் வேறு மாநிலத்தின் பெயரைக் காட்டியது.

நம் ஊருக்கு வந்த பிள்ளைகள்

போகிறவர்களைப் போலவே வருகிறவர்களும் இருக்கிறார்கள். பின்னலாடை, செங்கல் சூளை, கட்டட வேலைக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் குழந்தைகள் நம் வகுப்புகளில் தமிழ் எழுதிப் படிக்கிறார்கள். அவர்களில் எட்டு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்தவர்கள் பொறியியல் கலந்தாய்வில் பொதுப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். இது பல பெற்றோருக்குத் தெரியாது. நாம் சொன்னால்தான் தெரியும்.

சாதிச் சான்றிதழ் விஷயத்தில் நாம் கவனமாக இருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பட்டியல்கள் மாநிலந்தோறும் தனித்தனியானவை. தந்தையின் வேலை காரணமாகச் சிறுவயதில் ஆந்திரத்திலிருந்து மும்பைக்கு வந்த ஒரு மாணவர், தன் சொந்த மாநிலப் பழங்குடிச் சான்றிதழைக் கொண்டு மகாராஷ்டிர மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டார். ஒரு மாநிலப் பட்டியலில் உள்ளவர் இடம் பெயர்ந்தால் அந்த உரிமை கூடவே வராது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இது நம் மாணவர்களுக்கும் பொருந்தும். இங்கே உரிய சலுகை பெறும் பிள்ளை வேறு மாநிலக் கல்லூரியில் சேர்ந்தால், அந்த மாநில ஒதுக்கீட்டில் அதே சலுகை கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது.

வேலையில் இருந்தபடி படிப்பவர்கள்

பள்ளி முடித்து ஓசூர், பெங்களூர் என்று வேலைக்குப் போய்விட்ட பழைய மாணவர்கள் நம்மைத் தொலைபேசியில் அழைத்து, “இங்க இருந்துக்கிட்டே டிகிரி படிக்கலாமா?” என்று கேட்பதுண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020 விதிமுறைகள் தொலைநிலைக் கல்வி, இணையவழிக் கல்வி என்று இரண்டாகப் பிரிக்கின்றன. தொலைநிலைக் கல்வியில் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு எல்லை உண்டு. அதன் கற்றல் மையங்கள் தன் மாநிலத்துக்குள்தான் இருக்க முடியும். ஆகவே தமிழ்நாட்டில் சேர்ந்துவிட்டுப் பெங்களூரில் வேலை பார்ப்பவர் நேரடி வகுப்புக்கும் தேர்வுக்கும் இங்கே வந்து போகத் தயாராக இருக்க வேண்டும். இணையவழிக் கல்விக்கு அந்த எல்லை இல்லை. நாட்டின் எந்த மூலையில் இருந்தும் சேரலாம்.

சேரும் முன் அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் பாடமும் அந்த ஆண்டு மானியக் குழுவின் ஏற்புப் பட்டியலில் உள்ளனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். பொறியியல், மருத்துவம், செவிலியம், சட்டம் போன்றவற்றை இணையவழிப் பட்டமாக அனுமதிப்பதில்லை. அப்படி யாராவது விளம்பரம் செய்தால் பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லலாம். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவித்தொகை தொலைநிலைப் படிப்புக்குக் கிடைக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

டி.சி. கொடுக்கும் அந்தப் பத்து நிமிடம்

டி.சி. கேட்டு வரும் பெற்றோரை நாம் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. எட்டாம் வகுப்பு வரை வேறு பள்ளிக்கு மாறுவது குழந்தையின் உரிமை, சான்றிதழை உடனே தர வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளை பெற்றோருடன் இருப்பதுதான் பல நேரம் நல்லதும்கூட. ஆனால் தெரிந்து முடிவெடுப்பது வேறு, தெரியாமல் இழப்பது வேறு.

அதனால் இப்போது எங்கள் பள்ளியில் சில வழக்கங்களை வைத்திருக்கிறோம்.

ஆறாம் வகுப்புக்கு மேல் டி.சி. கேட்டு வருபவரிடம் எங்கே போகிறீர்கள், எத்தனை நாளுக்கு என்று கேட்கிறோம். வேறு மாநிலம் என்றால், 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, மாத உதவித்தொகை இரண்டையும் பற்றி உட்கார வைத்துச் சொல்கிறோம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதுதான் சிக்கல் என்றால், அருகிலுள்ள அரசு நல விடுதிகள், பெண் குழந்தைகளுக்கான கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளி ஆகியவற்றைச் சொல்கிறோம். சில குடும்பங்கள் விடுதியைத் தேர்ந்தெடுத்தன. சில குடும்பங்கள் போய்த்தான் ஆக வேண்டும் என்றன. அதுவும் சரிதான்.

போகிறவர்களுக்கு, எங்களிடம் படித்த ஒவ்வொரு வகுப்பும் ஆண்டும் குறிப்பிட்ட படிப்புச் சான்றிதழைக் கையோடு தருகிறோம். யு-டைஸ் தளத்தில் உள்ள நிரந்தரக் கல்வி எண்ணையும் எழுதித் தருகிறோம். அந்த எண் நாடு முழுவதும் ஒன்றே என்பதால் அடுத்த பள்ளியில் சேர்க்க உதவும். திரும்பி வருபவர்களிடம் வெளியே படித்த ஆண்டுக்கான சான்றிதழை அப்போதே வாங்கி வைக்கிறோம். பிளஸ் டூ முடித்த பிறகு அதற்காக இன்னொரு மாநிலத்துக்கு ஓடுவது எளிதல்ல.

எமிஸ் தளத்தில் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள், நீங்கிய நாள் ஆகியவை பள்ளிப் பதிவேட்டுடன் ஒத்திருக்கின்றனவா என்று ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்கிறோம். அறுவடைக்கோ சூளை வேலைக்கோ சில வாரம் பெற்றோருடன் போகும் பிள்ளையின் பெயரை அவசரப்பட்டு நீக்குவதில்லை. பதினொன்றாம் வகுப்பிலேயே, யாருக்கெல்லாம் இருப்பிடச் சான்றிதழ் தேவைப்படும் என்று ஒரு பட்டியல் போடுகிறோம். கலந்தாய்வு விதிகளில் சிறு மாற்றங்கள் வரும் என்பதால், அந்தந்த ஆண்டின் கையேட்டை ஒருவர் பொறுப்பெடுத்துப் படித்து மற்றவர்களுக்குச் சொல்கிறார்.

அந்த மாணவி அரசுக் கலைக் கல்லூரியில் வேதியியல் படிக்கிறாள். மாதம் 1,000 ரூபாய் அவளுக்கு வருவதில்லை. விடுமுறையில் ஒருநாள் பள்ளிக்கு வந்தாள். தன் தம்பி எட்டாம் வகுப்பு முடிக்கிறான் என்றும், அப்பா அவனைப் பெங்களூருக்கு அழைப்பதாகவும் சொன்னாள். “நீங்களே அப்பாகிட்ட ஒரு தடவை பேசுங்க டீச்சர்” என்றாள். அன்று மாலையே பேசினேன். தம்பி இப்போது விடுதியில் தங்கி, எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான்.